எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின்?

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிடு, தாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். நெட்டையன் தாத்தா ஆகிவிட்டான். ஆனாலும் டீக்காசு விஷயத்தில் அவன் இன்னும் அதே நெட்டையன்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓர் உப்புக்கல்தான் என்னை இன்று எழுத வைத்திருக்கிறது.

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் தனிமம், சேர்மம், கலவை நடத்தினேன். இந்த ஊரில் அதற்கு உப்பளத்தை விட நல்ல உதாரணம் ஏது? கடல்நீர் ஒரு கலவை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே சோடியம் குளோரைடு, மிச்சம் மெக்னீசியம், கால்சியம் வகையறா. கலவைக்கு இவ்வளவுதான் என்று கணக்கு கிடையாது. கடலில் 3 டிகிரி (சூடு இல்லை, உப்புச் செறிவை அளக்கிற போமே டிகிரி) இருக்கிற தண்ணீர் வெயிலில் காயக் காய 25 டிகிரியைத் தொடும்போது பாத்தியில் உப்பு விழுகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். விழுந்த உப்பு சேர்மம், அதற்குக் கணக்கு உண்டு. 100 கிராம் சுத்தமான உப்பில் சோடியம் 39 கிராம், குளோரின் 61 கிராம். இங்கே எடுத்தாலும் ராஜஸ்தான் சாம்பார் ஏரியில் எடுத்தாலும் அது மாறாது.

இதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் வழக்கமான படத்தைப் போட்டேன். சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, இரண்டு வட்டமும் ஒட்டிக்கொள்கின்றன. கீழே 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதிக் கோடும் போட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி செய்தித்தாளில் எதையோ மடித்துக் கொண்டுவந்தாள். அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. பிரித்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல்லுப்பு, கிட்டத்தட்ட முழுச் சதுரக்கட்டி. "சார், இதுக்குள்ள எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் ஜோடி? நடுவுல இருக்கிற குளோரின் இந்தப் பக்கத்துச் சோடியத்தோடயா, அந்தப் பக்கத்துச் சோடியத்தோடயா?"

யோசித்துப் பார், என்ன கேள்வி! ஜோடியே கிடையாது. எலக்ட்ரானைக் கொடுத்த சோடியமும் வாங்கிய குளோரினும் மின்னூட்டம் பெற்ற அயனிகள்; வாங்கிய குளோரினுக்குக் குளோரைடு என்று பெயர். ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும். கல் முழுக்க இப்படியே போகிறது. பொடி உப்பில் ஒரு சின்னத் துகளை எடுத்தாலே சுமார் 6 லட்சம் லட்சம் கோடி சோடியம் இருக்கும், அதே அளவுக்குக் குளோரைடும். யாருக்கு யார் சொந்தம் என்று பிரிக்கவே முடியாது. நாம் எழுதுகிற NaCl என்ற வாய்பாடு 'ஒன்றுக்கு ஒன்று' என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது.

சர்க்கரை அப்படி இல்லை. 45 அணுக்கள் சேர்ந்த தனித்தனி மூலக்கூறுகள். தண்ணீரில் போட்டாலும் மூலக்கூறு மூலக்கூறாகத்தான் கரையும். உப்பு கரையும்போது அயனிகள் பிரிந்து அதனதன் வழியே போகின்றன, அதனால்தான் உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது. இரண்டையும் 'சேர்மம்' என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே இவ்வளவு வித்தியாசம் இருப்பதை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உப்பின் இந்த அமைப்பை எக்ஸ் கதிர் வைத்து 1913இல் பிராக் என்ற இயற்பியலாளர்கள், அப்பாவும் மகனும், காட்டினார்கள். 1915இல் நோபல் வாங்கும்போது மகனுக்கு 25 வயது. பழைய வேதியியல்காரர்கள் சிலருக்கு அது செரிக்கவே இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927இல் 'நேச்சர்' இதழுக்கே கடிதம் எழுதி, சதுரங்கப் பலகை மாதிரி உப்பை அடுக்குவதா, இது பொது அறிவுக்கு ஒவ்வாதது என்று பொங்கிவிட்டார். ஜோடி எங்கே என்று அவரும் தேடினார், இவளும் தேடுகிறாள். அவர் கோபப்பட்டார். இவள் கல்லைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தாள்.

என்னைக் குடைவது வேறு. நீயும் நானும் கல்லூரியில் இந்த அமைப்பைப் பரீட்சைக்கு வரைந்தவர்கள்தானே மாப்ளே? தெரிந்துகொண்டேதான் 22 வருஷமாகக் கரும்பலகையில் ஜோடி வரைந்திருக்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று. எத்தனை பேர் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமலே போனார்களோ. இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

நேற்று ராத்திரி அந்தக் கல்லை லென்ஸில் பார்த்தேன். ஒரு முகத்தில் படிக்கட்டு மாதிரி உள்ளே இறங்குகிறது, கோயில் தெப்பக்குளம் போல. கத்தி முனையை ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டினேன். பளிச்சென்று பிளந்தது, பிளந்த இடம் கண்ணாடி மாதிரி சமதளம். உள்ளே அடுக்கு எப்படியோ, உடைப்பும் அப்படியே. திங்கட்கிழமை வகுப்பில் இதைச் செய்து காட்டப் போகிறேன். பழைய படத்தை அவர்கள் கண்முன்னே அடித்துவிட்டுப் புதிதாக வரையவும் போகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. உன் கடையில் தெர்மாகோல் உருண்டை இருக்குமே, பெரியதில் 14, சின்னதில் 13 அனுப்பு. சின்னதன் விட்டம் பெரியதில் பாதிக்குச் சற்று மேலே இருக்கட்டும். பெரியது குளோரைடு. நடுவில் ஒரு சோடியம், அதைச் சுற்றி ஆறு குளோரைடு என்று ஆரம்பித்தால் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என 27 உருண்டையில் ஒரு கட்டி வரும். காசை நெட்டையன் கணக்கில் எழுதாதே, நானே தருகிறேன்.

14க்கு 13 எப்படி சார் ஒன்றுக்கு ஒன்று ஆகும் என்று அவள் கண்டிப்பாகக் கேட்பாள். ஓரத்து உருண்டைகளால் வருகிற வித்தியாசம், கல் பெரிதாகப் பெரிதாக அது ஒன்றுமில்லாமல் போகும் என்று இந்தத் தடவை பதிலோடுதான் போகிறேன். புதன்கிழமைக்குள் பார்சல் வந்து சேரட்டும்.

உன்,
உப்பு வாத்தி