உப்பைக் கழுவாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஸ்டாண்டுகளில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

சீமைக்கருவேல முள் இழுத்த கோடோ, அரிச்சல்முனை மணல் உரசிய தடமோ இல்லாத கார் நம் பக்கம் அபூர்வம். அதற்குப் பற்பசை தேய்க்கிறீர்கள், நகப்பாலிஷ் பூசுகிறீர்கள். இரண்டும் வேண்டாம். பற்பசை பட்ட இடம் மங்கும். நகப்பாலிஷ் வெயிலில் வெடித்து, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். சிக்கவில்லையென்றால் நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சோடு கீறல் நின்றிருக்கிறது. அந்தப் பூச்சு சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. நிழலில் நிறுத்தி, மணல் போகத் தண்ணீர் அடித்து, மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு காம்பவுண்டு (பாலிஷ் போடும் பசை) வைத்து லேசாகத் தேயுங்கள். துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒரு கீறல் பத்தாகும். கோடு மறைந்ததும் நிறுத்துங்கள்; தேய்ந்த கிளியர் கோட் திரும்ப வராது.

நகம் சிக்கினால் டச்சப், அதாவது கீறலுக்குள் மட்டும் அதே நிறப் பெயிண்ட் வைப்பது. கடையில் "வெள்ளை கொடுங்க" என்று வாங்காதீர்கள், வெள்ளையிலேயே பல உண்டு. உங்கள் காரின் நிறக் குறியீடு (கலர் கோடு) பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள்.

தகரம் தெரிந்துவிட்டால் வேலையின் பாதி கழுவுவதுதான். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பூச்சுக்கு அடியில் நீர் சேர்ந்து கொப்புளம் எழும், உள்ளே துரு ஓடும். குறை சொல்வது பெயிண்டை! போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை, ஒரு குடம் குடிதண்ணீர் செலவழியுங்கள். துருவை 320 நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று தகரம் வரும்வரை தேய்த்து, மறுபடி கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, தாமதிக்காமல் பிரைமர் (அடிப்பூச்சு) வையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இராக்காற்றிலேயே செந்துரு பூத்துவிடும். காலைப் பனி காய்ந்து, கடற்காற்று எழும்புமுன் முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

பிரைமர் காய்ந்தபின், டச்சப் பெயிண்ட் டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, பல்குத்தும் குச்சி முனையில் தொட்டுக் கீறலுக்குள் மட்டும் வையுங்கள். மெல்லிசாக மூன்று தடவை, இடையே அரைமணி நேரம். ஒரே சொட்டில் நிரப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு குழி விழும். நிறம் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். அதன்மேல் வைக்கும் கிளியர் கோட் மட்டத்துக்கு மயிரிழை மேலே நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து அந்த மேட்டை மட்டும் 2000, பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் (நைசான உப்புத்தாள்) தண்ணீர் விட்டு மட்டமாக்கி, காம்பவுண்டு போடுங்கள். கதவு விளிம்பில் பேப்பர் படக்கூடாது. அங்கே பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பம்பர் கீறலுக்கு இத்தனை அவசரம் இல்லை. அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. முதலில் கதவின் அடி விளிம்பையும் சக்கர வளைவையும் குனிந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரைப் பெயிண்டிங் பட்டறைக்காரர்கள்