மாஸ்டரின் ரைடும் பழைய பாத்திரக்காரரும்

அன்புள்ள ரவி,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை என்று திட்டப்போகிறாய்; அதை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது அவசரம் வேறு.

நம் டிரம்ஸ் மாஸ்டர் போன பிறகு, அவர் மனைவி அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போகிறார். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிவிட்டார்கள். டிரம் ஷெல்லெல்லாம் செல்லரித்துப் போயிருக்கிறது, அதை விடு. கூடவே அந்த 20 அங்குல ரைடும், அதுதான் தாளம் பிடிக்கிற அந்தப் பெரிய சிம்பல் தட்டு, இறங்கியிருக்கிறது. ஆமாம், அதேதான். தொட்டால் மாஸ்டர் குச்சியாலேயே விரலில் போடுவாரே, அந்த ஜில்ஜியன் கம்பெனி சிம்பல். பழைய பாத்திரக்காரர் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார், 2.2 கிலோ. பித்தளை விலை தருகிறேன் என்றாராம். அந்த வீட்டுப் பாப்பா எனக்குப் போன் செய்து, "மாமா, வெண்கல விலை கேட்டால் கொடுப்பாரா?" என்கிறாள்! ஆட்டோ பிடித்து ஓடினேன். போய்ப் பார்த்தால் குழாயடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மையில் அச்சடித்த பெயர் பாதி போய்விட்டது. உலோகத்தில் அடித்த முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய சிம்பல் தேடி வாங்குகிறவர்கள் வயதில் ஏறின கறுப்பையும் சேர்த்துத்தான் காசு கொடுப்பார்கள் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உன் சின்னவன் கேட்டிருந்தான் இல்லையா, சிம்பலில் பி8, பி20 என்றால் என்ன என்று? அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிம்பல் செய்யும் வெண்கலத்தில் நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளீயம் என்பதுதான் அந்த எண், மீதி செம்பு. "பி8 மட்டம், பி20 உசத்தி" என்று யாரோ அவன் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

நீ கணக்கில் புலி, போட்டுப் பார். மாஸ்டர் ரைடில் 20 விழுக்காடு என்றால் 440 கிராம் வெள்ளீயம். அதே எடையில் பி8 என்றால் 176 கிராம். வித்தியாசம் கால் கிலோவை ஒட்டி வருகிறது. செம்பைவிட வெள்ளீயம் விலை அதிகம்தான், ஆனால் கால் கிலோவுக்காகவா ஒரு சிம்பல் இன்னொன்றைப்போல நாலு மடங்கு விலைக்குப் போகும்? அந்தக் கால் கிலோ தொழிற்சாலையில் வாங்குகிற வேலைக்குத்தான் காசு. 8 விழுக்காடு வெண்கலம் சொன்னபடி கேட்கும். தகடாக உருட்டி, வட்டமாக வெட்டி, அழுத்தி, சுத்தியலடித்து முடித்துவிடலாம். 20 விழுக்காட்டைச் சூடாக்காமல் உருட்டினால் விரிசல் விடும். ஒவ்வொரு சிம்பலுக்கும் தனி வில்லையாக வார்த்து, சிவக்கக் காய்ச்சி உருளையில் விட்டு, மறுபடி காய்ச்சி மறுபடி விட்டு மெல்லிசாக்க வேண்டும். கடைசியில் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். எஃகை முக்கினால் இறுகும். இந்த வெண்கலம் முக்கினால்தான் சுத்தியலுக்கு இசையும். மெதுவாக ஆறவிட்டால் உள்ளே நொறுங்கும் தன்மையுள்ள படிகங்கள் சேர்ந்துவிடும்.

இதைச் சொன்னால் உன் திருநெல்வேலிப் பெருமை இன்னும் ஏறும், பரவாயில்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களும் இதே வழியில் செய்தவைதான்: வெள்ளீயம் தூக்கலாகப் போட்டு, சூட்டில் அடித்து, தண்ணீரில் முக்கி. 1623இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஜில்ஜியன் குடும்பம் பட்டறை போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தைய வேலை அது.

சத்தத்துக்கு வருவோம். பி20 அடித்தால் ஒரே அடியில் பல சுரம் கலந்து விரியும். மெதுவாக அடித்தால் ஒரு குணம், ஓங்கி அடித்தால் வேறு குணம். பி8 பளிச்சென்று நேராக வரும், மின்சார கித்தார் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கும். அதனால் அது மட்டம் ஆகிவிடுமா? லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பானம் அடித்த பைஸ்டி கம்பெனியின் 2002 சிம்பல் பி8தானே! 1971இல் வந்த வரிசை, இன்றைக்கும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மறுபக்கம், சீனாவின் வூஹானில் பி20ஐக் கையால் அடித்துச் சல்லிசாக விற்கிறார்கள். 1981இல் ஜில்ஜியன் சகோதரர்கள் பிரிந்து தம்பி கனடாவில் சேபியன் என்ற சிம்பல் கம்பெனி தொடங்கினாரே, இரண்டு வீட்டிலும் அதே 20 விழுக்காடு, இரண்டு சிம்பலுக்கும் ஒரே குரலா என்ன? ஒரே மாவில் இரண்டு வீட்டு இட்லி மாதிரிதான். எத்தனை கனம், எங்கே சுத்தியல், கடைசலில் எவ்வளவு சீவினார்கள், நடுவில் இருக்கும் பெல் என்ற குமிழ் எத்தனை உயரம், எல்லாம் சேர்ந்துதான் சத்தம்.

பித்தளைக்கு மட்டும் என்னிடம் இரக்கம் கிடையாது. டிரம் செட்டோடு இலவசமாகத் தருகிறார்களே, அந்தப் பித்தளைச் சிம்பல். செம்போடு துத்தநாகம். அடித்தால் தட்டுத் தடுமாறி ஒரு ஓசை வந்து சட்டென்று அடங்கிவிடும், ஒரு வருடத்தில் ஓரம் வளைந்து நிற்கும். அதில் கற்றுக்கொள்கிற பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். அதற்காகவே வாங்காதே. பி8இல் நல்ல ஹை-ஹாட், காலால் மிதித்து மூடும் சிம்பல், ஒரு ஜோடி வாங்கிக் கொடு; ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பல் பிறகு பார்க்கலாம்.

ரைடு? அதற்குத்தான் இந்தக் கடிதமே. மாஸ்டருடையதைச் சின்னவனுக்கு எடுத்துக்கொள். ஓரத்தில் விரல் ஓட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை. நடுத்துளை லேசாகத் தேய்ந்து ஒருபக்கம் நீண்டிருக்கிறது. ஸ்டாண்டுக்கு பிளாஸ்டிக் குழாய் போட்டால் இனித் தேயாது. ஸ்டாண்டில் சிம்பலுக்கு மேல் இருக்கும் விங் நட்டை முறுக்கி இறுக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால் இப்போதே நிறுத்து. எந்தக் கலவையாக இருந்தாலும் ஆட இடம் கொடுக்காவிட்டால் ஒருநாள் கிழியும். ஆனால் பாத்திரக்காரர் விலையெல்லாம் அக்காவிடம் பேசாதே. மாஸ்டரின் கடைசி ஆறு மாதம் மருந்துக்கு அக்கா என்ன பாடுபட்டார் என்று உனக்கும் தெரியும், கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். சென்னையில் பழைய ஜில்ஜியன் ரைடு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு, அதற்குமேல் ஒரு ரூபாயாவது வைத்துக் கவரில் போட்டு அனுப்பு. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பேஸ் கித்தார் மாமா பேரனுக்கு மொட்டை போட்டாராம், படம் அனுப்பியிருக்கிறார். இரண்டு தலையில் எது பேரன் என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு. திங்கள் காலை லாரி வருகிறது, பாத்திரக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
சேகர்