ஒரு குவளைத் தண்ணீர்

அன்பு மருமகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்று இரவு மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "தவறைத் தவறு என்று சொன்னது தவறா மாமா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் யோசித்து இதை எழுதுகிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பதால், பெயரும் ஊரும் சொல்லாமல் பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். சரி என்றாய். அதற்காகவே உனக்கு துஆ செய்தேன்.

நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். மாலை நேரத்து அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டியான ஹவுள் கரையில் அந்தப் பெரியவர் ஒளுச் செய்தார், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் அந்தச் சுத்தம்தான். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரை அள்ளிக் காலில் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. தண்ணீர் புறங்காலில் விழுந்து விரல்கள் வழியே ஓடிவிட்டது. குதிகால் உலர்ந்தே இருந்தது. வெடிப்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற நீ, "குதிகால் நனையவில்லை. இந்த ஒளுவும் கூடாது, இதை வைத்துத் தொழுகிற தொழுகையும் கூடாது. குதிகால்களுக்கு நரகம்தான் என்று ஹதீஸ் இருக்கிறது, தெரியாதா?" என்றாய். பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் நின்று தொழுதார். ஸலாம் கொடுத்ததும் போய்விட்டார். இன்றோடு எட்டு நாள், பள்ளிக்கு அவர் வரவில்லை.

சட்டத்தில் நீ தவறவில்லை. அந்த ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் அது சொல்லப்பட்ட நேரத்தைப் பார். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கிறார்கள்: ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருக்கிவிட்டது, தோழர்கள் அவசர அவசரமாகக் கால்களைத் தண்ணீரால் தடவிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் இரண்டு மூன்று முறை அதை அறிவித்தார்கள். அவசரப்பட்ட ஒரு கூட்டம் முழுவதற்கும் சொன்ன எச்சரிக்கை அது. மடங்காத முழங்காலோடு தூணைப் பிடித்து நின்ற ஒருவரின் முகத்துக்கு நேரே நீ அதைச் சொன்னாய்.

முஸ்லிம் தொகுப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) இஸ்லாத்துக்குப் புதியவர். ஜமாஅத் தொழுகையில் யாரோ தும்ம, அவர் வாய்விட்டு 'யர்ஹமுகல்லாஹ்' (அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும்) என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் அவரை முறைத்தார்கள். "ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று தொழுகைக்குள்ளேயே கேட்டார். அவர்கள் தங்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்தது. அதன் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேள்: நபியவர்களைவிட அழகாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை, என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு தகாது, இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹும், அவன் பெருமையைச் சொல்லும் தக்பீரும், குர்ஆன் ஓதுவதும்தான் தொழுகை என்று மட்டும் சொன்னார்கள்.

யாருடைய கைப்பேசியாவது தொழுகையில் ஒலித்துவிட்டால், ஸலாம் கொடுத்த கையோடு இருபது தலைகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோழரின் கேள்விதான் நினைவுக்கு வரும். நானும் அப்படி முறைத்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியின் செய்தியை மத்ரஸாவிலேயே படித்திருப்பாய். தோழர்கள் பாய்ந்தார்கள். நபியவர்கள், "விடுங்கள், இடையில் நிறுத்தாதீர்கள்" என்றார்கள். அவர் முடிக்கும் வரை காத்திருந்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பிறகு அவரை அழைத்து, இந்தப் பள்ளிவாசல்கள் எதற்காக இருக்கின்றன என்று விளக்கினார்கள். அன்று அந்த ஒரு வாளித் தண்ணீரில் தரையும் சுத்தமானது, வந்தவரின் மானமும் காக்கப்பட்டது.

ஹவுள் கரையில் உன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குவளை இருந்தது. இரண்டு நாளாக என் மனத்தில் அந்தக் குவளைதான் நிற்கிறது. அதில் தண்ணீர் மொண்டு, "காலைக் காட்டுங்கள் பெரியப்பா" என்று சொல்லி, குதிகாலில் நீ ஊற்றியிருக்கலாம். அவருடைய ஒளுவும் முழுமையாகியிருக்கும். உனக்கு அது கௌரவக் குறைவு ஆகியிருக்காது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் நபியவர்களுக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றியவர் முகீரா இப்னு ஷுஅபா (ரலி). அதே வேலைதான்.

உஹத் போரை நினைத்துப் பார். கி.பி. 625. இடத்தை விட்டு அசையாதீர்கள் என்று சொல்லி நபியவர்கள் நிறுத்திய வில்லாளிகள் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேரளவில் உயிர்த்தியாகம் செய்து ஷஹீதானார்கள். நபியவர்களின் முகமே காயப்பட்டது. கடிந்துகொள்ள அதைவிட நியாயமான நேரம் வேண்டுமா? அதற்குப் பிறகு இறங்கிய வசனம்தான் குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் 159ஆவது: அல்லாஹ்வின் அருளால் நீர் அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டீர், கடுகடுப்பவராகவும் கல்நெஞ்சராகவும் இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டுக் கலைந்து போயிருப்பார்கள். நபியை விட்டே கலைந்து போயிருப்பார்கள் என்றால், நீயும் நானும் எம்மாத்திரம்?

உன் விடுமுறை முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பொழுது சாய்ந்ததும், அந்தப் பெரியவர் வீட்டில்தான் இருப்பார். தனியாகப் போ, என்னை அழைக்காதே. ஒளுவைப் பற்றியோ ஹதீஸைப் பற்றியோ எதுவும் பேசாதே. கதவு திறந்தேதான் கிடக்கும், ஆனாலும் வாசலுக்கு ஒரு பக்கமாக நின்று ஸலாம் சொல். மூன்று முறை சொல்லியும் பதில் வரவில்லையென்றால் மனம் கோணாமல் திரும்பி வந்துவிடு. மறுநாள் மறுபடியும் போ.

வஸ்ஸலாம்,
உன் மாமா