தண்டனை உறுப்பினருக்கா, தொகுதிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவையில் வரம்பு மீறுகிற உறுப்பினர்களை ஒரு வருஷம் வெளியே நிறுத்தினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒரு வருஷம் எப்படிப்பட்டது என்பது எங்கள் நகரிக்காரர்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 18 அன்று ஆந்திர சட்டப்பேரவை அப்போதைய எங்கள் எம்.எல்.ஏ. ரோஜாவை ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்தது. விஜயவாடா 'கால் மணி' (Call Money) கந்துவட்டி விவகாரத்தில் எழுந்த அமளியில் முதல்வரைத் தரக்குறைவாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பேசியது சரி என்று வாதாட நான் வரவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவனும் இல்லை. ஆனால் பேரவை விதி 340, அந்தக் கூட்டத்தொடரின் மிச்ச நாட்களுக்கு மட்டும்தான் நீக்கச் சொல்கிறது. பிறகு ஓராண்டு எங்கிருந்து வந்தது? அரசியலமைப்பின் 194-வது பிரிவு அவைக்குத் தந்துள்ள தனி அதிகாரம் என்றார்கள். 2016 மார்ச்சில், இடைநீக்கத்தை நிறுத்திவைத்த உயர் நீதிமன்றத் தனி நீதிபதியின் உத்தரவோடு போனவரை வாசலிலேயே மறித்தார்கள். சில நாட்களில் அந்த உத்தரவும் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சில் ரத்தானது.

இங்கே பாதிக் குடும்பங்களுக்கு விசைத்தறிதான் சோறு. நூல் விலை ஏறினாலும் கரண்ட் பில் எகிறினாலும் மனு எழுதிக்கொண்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குத்தான் போவோம். மனுவை அங்கே வாங்கிக்கொள்வார்கள், அதில் குறையில்லை. அதை அவையில் எழுந்து கேட்க வேண்டியவர் வெளியே நின்றால் மனு என்ன செய்யும்?

இதே கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 28 அன்று பதில் சொன்னது. மகாராஷ்டிரத்தில் 12 பா.ஜ.க. உறுப்பினர்களை ஓராண்டுக்கு நீக்கிய தீர்மானம் செல்லாது என்ற தீர்ப்பு அது. ஓராண்டு இடைநீக்கம் பதவி நீக்கத்தைவிட மோசம் என்றது நீதிமன்றம். பதவியே போனால் இடம் காலியாகும், ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும். இடைநீக்கத்தில் ஆளும் இல்லை, தேர்தலும் இல்லை. எங்களுக்கு ஆறு வருஷம் பிந்தி வந்த தீர்ப்பு!

கூச்சல் போட்டவர் கதை இது. காசு வாங்கியவர் விஷயம் வேறு, அங்கே பதவியைப் பறிப்பதே நியாயம். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் நாடாளுமன்றம் வெளியேற்றியது, உச்ச நீதிமன்றமும் 2007-இல் அதை ஏற்றது. ஆனாலும் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நான் 1951-க்குத்தான் போவேன். பம்பாய் தங்க வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கியதாக முத்கல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மீது புகார். அவர் ஆளுங்கட்சிக்காரர். விசாரணைக் குழு வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் நேரு, குழுவின் தலைவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அறிக்கை வந்த பிறகு முத்கலுக்கு அவையில் பேச இடம் கொடுத்தார்கள். பேசிவிட்டு அவரே ராஜினாமா செய்தார். 2023 டிசம்பர் 8 அன்று கேள்விக்குப் பணம் வாங்கியதாகப் புகாருக்குள்ளான திரிணமூல் எம்.பி. மஹுவா மொய்த்ரா விஷயத்தில், நெறிமுறைக் குழு அறிக்கையை மக்களவையில் வைத்து அன்றைக்கே வெளியேற்றினார்கள், அவரைப் பேசவும் விடவில்லை. 2005-இலும் பேச விடவில்லையே என்று அதற்கு முன்னுதாரணம் காட்டினார்கள். கெட்ட வழக்கத்துக்கு இன்னொரு கெட்ட வழக்கம் சாட்சி. தொகுதி மக்கள் 2024-இல் அவரையே திருப்பி அனுப்பினார்கள், அது தனிக் கதை.

தண்டிக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். புகாரைக் குழு விசாரிக்கட்டும். அறிக்கையைப் படிக்க உறுப்பினர்களுக்கு நாலு நாள் கொடுக்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவையில் பேசிய பிறகு ஓட்டெடுப்பு நடக்கட்டும். இடைநீக்கம் கூட்டத்தொடரோடு முடியட்டும். அந்த நாட்களிலும் தொகுதிப் பிரச்சினை பற்றி அவர் எழுதித் தரும் கேள்விகளைப் பேரவைச் செயலகம் வாங்கிக்கொண்டு, எழுத்தில் பதில் தர விதியில் இடம் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
நகரி, ஆந்திரா.