களாக்காயைக் களாக்காய் என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரம்பூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். போன மாதம் முதல்முறையாக உறைய வைத்த புளிப்புச் செர்ரி ஒரு கிலோ வாங்கினேன், விலை கையைக் கடித்தது, ஆனால் உருகியதும் கிண்ணத்தில் இறங்கிய கருஞ்சிவப்புச் சாற்றையும் அந்தப் புளிப்பையும் ருசித்த பிறகுதான் இத்தனை வருஷம் செர்ரி என்று நாம் தின்றது எதை என்று உறைத்தது. பேக்கரிகளில் கேக் மேல் வைக்கும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் சாயம் போட்டுப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்.

புளிப்புச் செர்ரி பறித்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால்தான் போலந்திலும் செர்பியாவிலும் கையோடு உறைய வைத்து, மைனஸ் 18 டிகிரியில் ஏற்றுமதி செய்கிறார்கள். 2012-ல் புளிப்புச் செர்ரி அதிகம் விளையும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ச்சிலேயே வெயில் அடித்து மரங்கள் முன்கூட்டியே மொட்டுவிட்டு, ஏப்ரல் உறைபனியில் சுமார் 90 சதவீத விளைச்சல் போனபோது அவர்களே போலந்துப் பழத்தை இறக்குமதி செய்தார்கள். சரி, விலை ஏறட்டும், அதில் எனக்குக் குறை இல்லை.

நான் வாங்கிய பாக்கெட்டில் எந்த நாட்டுப் பழம் என்பதே விலை ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்திருந்தது. உள்ளே பழமெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது, நடுவில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடை ஃப்ரீசர்களைத் திறந்து பார்க்க வேண்டும். அப்புறம், களாக்காய் ஊறுகாய்க்கு ஈடு கிடையாது, அதை அதன் பெயரிலேயே விற்கட்டும்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை