எங்கள் பிள்ளைகளை மெஷின் பக்கத்தில் நிற்க விடுங்கள்

மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளில் ஆலையும் பட்டறையும் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

நான் புதுச்சேரியில் டிப்ளமோ மாணவர்களுக்கு உற்பத்திப் பொறியியல் நடத்துகிற ஆசிரியன். எங்களிடம் பத்தாம் வகுப்பு முடித்து நேராக வந்தவர்களும் உண்டு, ஐ.டி.ஐ. முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் உண்டு. டிப்ளமோவுக்குப் பிறகு, புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக பி.டெக். இரண்டாம் ஆண்டில் நுழைய வேண்டும் என்று பலர் ஆசையாக இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐ.வி. (ஆலையைப் பார்வையிடுவது) என்று ஒருநாள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவது போதாது. சில பிள்ளைகளையாவது மாதக்கணக்கில் உங்கள் மெஷின் பக்கத்தில் நிற்க விடுங்கள்.

வகுப்பில் நடத்த முடிந்ததை நடத்துகிறோம். 40 மி.மீ. விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பியை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய, கம்பியைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்று ஓட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைப் போடுவார்கள். எந்த வேகத்தில் வெட்டினால் டூல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லும் டெய்லரின் டூல் ஆயுள் சமன்பாடும் தெரியும். கார்பைடு என்ற கடினமான பொருளில் செய்த டூலுக்கு அந்தச் சமன்பாட்டின் அடுக்கெண் 0.25 என்று எடுத்துக்கொண்டால், வெட்டும் வேகத்தை 20 சதவீதம் குறைக்கும்போது டூல் ஏறக்குறைய 2.4 மடங்கு நேரம் தாங்கும். சரி, ஆனால் மெதுவாக ஓட்டினால் ஒரு ஜாபுக்கு (கடையும் துண்டுக்கு) ஆகும் நேரமும் கூலியும் ஏறுமே? இன்சர்ட் (தேய்ந்தால் மாற்றும் டூல் முனை) விலையையும் மெஷின் நேரத்தையும் பார்த்து, எந்த வேகம் கட்டுப்படியாகும் என்று அன்றாடம் முடிவு செய்பவர்கள் நீங்கள். உயர் தொழில்நுட்பப் படிப்பில் ஒருவன் கற்க வேண்டிய முக்கியமான விஷயம் அதுதான். அந்த முடிவு எடுக்கப்படும் இடத்தில் எங்கள் மாணவன் இல்லை.

அளவு விஷயத்தில் இது இன்னும் உறைக்கிறது. 25 மி.மீ. துளைக்கு வரைபடத்தில் ஹெச்7 என்று அளவு வரம்பு போட்டிருந்தால் 25.000 முதல் 25.021 வரைதான் இருக்கலாம், அதாவது 21 மைக்ரான் இடைவெளி (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு துளை போட்டு அளந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஐந்நூறாவது துளையும் அதற்குள் நிற்க வேண்டும் என்கிற கவலை உங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. டூல் முனை தேயத் தேய துளை சிறுத்துக்கொண்டே வரும். மெஷினை அமைத்துக் கொடுக்கும் உங்கள் செட்டர் அதை, துளையை அளக்கும் போர் கேஜ் முள்ளில் கவனித்து, மெஷினில் டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டில் சில மைக்ரான் கூட்டிச் சரிசெய்துவிடுவார். நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்து அளவெல்லாம் 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. 35 டிகிரியில் கிடக்கும் 100 மி.மீ. எஃகுத் துண்டு சுமார் 17 மைக்ரான் நீண்டிருக்கும். கடைந்த சூட்டோடு அளக்காதே என்று நான் நூறு முறை சொல்வதைவிட, உங்கள் செட்டர் ஒருமுறை ஜாபை ஆறவைத்து அளந்து காட்டினால் பிள்ளை மறக்க மாட்டான்.

எங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போனவர்களை ஓரிடத்தில் பேக்கிங்கில் உட்காரவைத்து அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் முதல் நாளே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்றார்கள். பெண் பிள்ளைகளை, கழிப்பறை வசதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் நடந்தது. இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆறவே இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அவர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அடிபட்டால் யார் பொறுப்பு, ஜாப் வீணானால் யார் நஷ்டம் தாங்குவது, டெலிவரி நேரத்தில் யார் உட்கார்ந்து சொல்லித்தருவது என்று யோசிப்பீர்கள். அதனால் முதல் நாளே ஓட்டவிடச் சொல்லவில்லை. முதலில் அளக்கட்டும். அப்புறம் ரிஜெக்‌ஷன் ஆனவற்றை எடுத்து, ஏன் ஆனது என்று எழுதட்டும். ஒரு ஜாபுக்கு எந்த வேலை முதலில், எந்தப் பக்கத்தைப் பிடித்து எந்தப் பக்கத்தைக் கடைவது என்று பிராசஸ் ஷீட் போடட்டும். உங்கள் செட்டர் அதைத் திருத்தினால் போதும், படிப்பு அங்கேயே நடந்துவிடும்.

டிப்ளமோ முடித்தவர்களை ஓராண்டு அப்ரண்டிஸாக எடுக்கவும் வழி இருக்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்கிறது விதி. நான்கு பேர் உள்ள பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். அவர்களுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

வரும் கோடை விடுமுறைக்கு ஆளுக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பெண் பிள்ளையாக இருக்கட்டும். சேஃப்டி ஷூ, கண்ணாடி, காப்பீடு மூன்றுக்கும் கல்லூரிப் பக்கம் ஏற்பாடு செய்ய நான் அலைகிறேன். வாரம் ஒருமுறை நானே வந்து அவர்களின் நோட்டைப் பார்க்கிறேன். எந்த ஷிப்ட் உங்களுக்குத் தோது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியன்