யாழினிக்குச் சம்பளம் யார் தருவார்கள்?

பெருங்குடி,
ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பாதிக் கடிதம் காவிரியில் தண்ணீர் விட்ட கதை. படிக்கச் சுகமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் ஆபீசுக்குப் போவதே ஒரு வேலை, போன பிறகு பார்ப்பது இன்னொரு வேலை. மற்ற வீட்டு விஷயங்களைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஏதோ ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு (எழுதிய புரோகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்து வைப்பது) காசு வாங்காமல் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறாள், "யாருக்கோ உழைக்கிறாளே, அந்த யாரோ யாருடா?" என்று கேட்டிருந்தாய். பாங்கில் முப்பது வருஷம் கடன் கொடுத்தவன் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த யாரோவில் நீயும் உண்டு, நானும் உண்டு. ஆனால் பெரும் பங்கு உலகத்தின் பெரிய கம்பெனிகளுக்குப் போகிறது.

உன் போனையே எடுத்துக்கொள். தங்கச்சி குடும்ப குரூப்பில் கொழுக்கட்டைக்குக் குறிப்பு எழுதிப் போடுகிறாள் என்று வை. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. போனுக்குள் அது அப்படி இருப்பதில்லை. முதலில் க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவதற்கு ஒரு புரோகிராம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் முன்னின்று கட்டியது. தமிழ் மட்டுமில்லை, அரபி, இந்தி, பர்மிய எழுத்து எல்லாம் அந்த வழியாகத்தான் திரைக்கு வருகின்றன. நீயும் நானும் அதற்காக ஒரு பைசா கொடுத்ததில்லை. அவருக்கு ரெட் ஹேட், கூகுள் என்று பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்தன, அந்த வகையில் அவர் கொடுத்து வைத்தவர். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

ஃபின்லாந்தில் லாஸ்ஸே கொலின் என்று ஒருவர். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளை வருஷக்கணக்காகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இணையதளங்களை நடத்தும் கணினிகளான சர்வர்களில், லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது இருக்கும். சம்பளம் கிடையாது. 2022-இல் சில பேர் அவரைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள். அனுப்பிய திருத்தங்கள் அப்படியே கிடக்கின்றன, உமக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் ஒப்படைத்துவிடும் என்கிற மாதிரி. அதில் விடாமல் நச்சரித்த ஒருவரின் பெயர் ஜிகர் குமார். கேட்டால் நம்மூர்ப் பெயர்! இந்தப் புண்ணியவான் அதற்கு முன்னும் பின்னும் எங்கும் தென்படவில்லை, அநேகமாக அப்படி ஓர் ஆளே இல்லை என்கிறார்கள். கொலின் பொறுமையாகப் பதில் எழுதினார். ரொம்ப நாளாக மனநலம் சரியில்லை, தவிர இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று.

உதவிக்கு ஆள் ஏற்கெனவே காத்திருந்தார். ஜியா டான் என்ற பெயர், 2021 முதலே ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி வந்தவர், பேச்சில் பணிவு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், சோதனைக்கென்று வைத்திருக்கும் கோப்புகளுக்குள் ஒரு பின்வாசலை ஒளித்துவிட்டார். அந்தப் பதிப்பு ஊரெல்லாம் பரவியிருந்தால், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக எத்தனையோ சர்வர்களுக்குள் கடவுச்சொல் கேட்காமலே புகுந்திருக்கலாம்.

அதைப் பிடித்தது எந்தப் பாதுகாப்புக் கம்பெனியும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர், மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர். வேறு எதையோ சோதித்துக்கொண்டிருக்கும்போது, லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்ட ஆரம்பித்திருக்கிறார். 2024 மார்ச் 29, பெரிய வெள்ளியன்று விஷயத்தை உலகத்துக்குச் சொன்னார். நாமாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். ஜியா டான் யார், எந்த நாட்டு ஆள், ஓர் ஆளா ஒரு கூட்டமா என்பது இன்னும் வெளியே வரவில்லை.

எல்லோரும் இதை உளவாளிக் கதையாகச் சொல்கிறார்கள். என் மனதில் நின்றது அந்த நச்சரிப்புதான். அது ஒரு சதியின் பகுதி என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஏன்? தினமும் எல்லாத் திட்டங்களிலும் ஜனங்கள் அதே தொனியில்தான் எழுதுகிறார்கள். அன்னதானப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பாயசத்தில் முந்திரி போதாது என்று சமையல்காரரைக் கூப்பிட்டு ஏசுகிற கூட்டம் அது. சதிகாரர்கள் புதிதாக எந்த வேஷமும் போட வேண்டியிருக்கவில்லை. இணையத்தின் சராசரி மரியாதைக் குறைவே அவர்களுக்கு நல்ல மறைவாக இருந்தது.

கம்பெனிகளும் இந்தப் பந்தியில் உண்டு, அவர்கள் டை கட்டிக்கொண்டு ஏசுவார்கள். ஸ்வீடனில் டேனியல் ஸ்டென்பெர்க் என்பவர் கர்ல் என்ற மென்பொருளை 1998 முதல் பராமரித்து வருகிறார். இணையத்திலிருந்து எதையாவது இறக்க வேண்டும் என்றால் போன், கார், டிவி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற வேறொரு மென்பொருளில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதே, ஞாபகம் இருக்கிறதா? உன் பாங்கிலேயே ராத்திரி தூங்காமல் உட்கார்ந்தார்கள் என்றாயே. அடுத்த மாதம் ஒரு பெரிய அமெரிக்க கம்பெனி ஸ்டென்பெர்க்குக்கு மெயில் போட்டது: உங்கள் தயாரிப்பில் லாக்4ஜே இருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். கர்லில் லாக்4ஜே கிடையாது. அந்தக் கம்பெனி அவருக்குக் காலணா கொடுத்ததும் கிடையாது. அவர் சொன்ன பதில்: ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், எல்லாக் கேள்விக்கும் சந்தோஷமாகப் பதில் தருகிறேன். அவர்களிடமிருந்து மறுபடி மெயில் வந்தது, "ஹாய் டேவிட்" என்று ஆரம்பித்து.

அப்புறம் அவருக்குப் புதுத் தலைவலி. பிழை கண்டுபிடித்தால் சன்மானம் என்று கர்ல் 2026 ஜனவரி வரை கொடுத்துவந்தது. ஜனங்கள் செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி, இல்லாத ஓட்டைகளுக்கு நீளநீளமாக, அழகான இங்கிலீஷில் புகார் அனுப்பினார்கள். எழுத ஒரு நிமிஷம். பொய் என்று நிரூபிக்க அங்கே ஒரு மனிதன் அரை நாள் உட்கார வேண்டும். எங்கள் ஆபீசிலும் இதேதான். மூன்று வரி மெயிலை மெஷின் முப்பது வரியாக்குகிறது, வாங்குகிறவர் இன்னொரு மெஷினிடம் கொடுத்து மூன்று வரியாக்கிப் படிக்கிறார். இரண்டு பக்கமும் சந்தா கட்டுவது எங்கள் கம்பெனி.

சந்தா என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் மென்பொருள் பெட்டியில் கிடைக்கும் (நாம் வாங்கியது பெட்டி இல்லாதது, அதை விடு). வாங்கினால் நம்முடையது. அடோபி கம்பெனி 2013-இல் ஃபோட்டோஷாப் மாதிரியானவற்றின் புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான் என்று அறிவித்தது, அப்புறம் ஆளாளுக்கு அதே வழி. வருஷச் சந்தாவை மாதத் தவணையாகக் கட்டுகிறவர்கள் நடுவில் விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தது என்று, 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மேலேயே வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் இந்தத் தந்திரங்களை 13 வகையாகப் பிரித்து 2023 நவம்பரில் மத்திய அரசு தடை அறிவித்திருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், உருப்படியான வேலை செய்தது ரிசர்வ் வங்கிதான். 2021 அக்டோபரிலிருந்து, 5,000 ரூபாய்க்கு மேல் கார்டிலிருந்து தானாகப் பணம் போவதற்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும் என்றார்கள். அதை அப்புறம் 15,000 ஆக்கினார்கள். முதல் மாதம் எங்கள் ஆபீசில் பாதிச் சந்தாக்கள் தானாகச் செத்தன. அதில் எதெது செத்தது என்று ஒருவரும் கேட்டு வரவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சந்தா மென்பொருள் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஸ்டென்பெர்க், கொலின் மாதிரியானவர்கள் எழுதியது ஏதாவது இருக்கும். உன் போனிலேயே செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய தகவலில் சட்ட விவரம் என்ற இடத்தைத் திற. பொடி எழுத்தில், விரல் வலிக்கத் தள்ளினாலும் முடியாத நீளத்துக்கு உரிமங்கள் வரும். போன் தயாரித்தவர்கள் அவர்களுக்குச் செலுத்தும் முழு மரியாதை பெரும்பாலும் அதோடு சரி. 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதுதான் தெரிந்தது, உலகத்தின் வங்கிப் பரிமாற்றங்களையே காத்துக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று. மென்பொருள் வியாபாரத்தில் பணம் வேலையைத் தேடிப் போவதில்லை சுந்தரம், பில்லைத் தேடித்தான் போகிறது. பில் அனுப்புகிறவனுக்கு வரும். அனுப்பாதவனுக்கு 'ஹாய் டேவிட்'.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூர் ஸெரோதா 2024-இல் ஒரு நிதி ஆரம்பித்தது, வருஷத்துக்கு 10 லட்சம் டாலர், உலகத்தில் எந்த நாட்டு ஓப்பன் சோர்ஸ் திட்டமானாலும் விண்ணப்பிக்கலாம். பங்குச் சந்தை கம்பெனி ஒன்று, தான் தின்ற சோற்றுக்குக் கணக்குப் பார்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் கட்டியவர்கள் பல பேர் இதே சோற்றைத் தின்றவர்கள்தான்.

அதனால் யாழினியைத் தடுக்காதே. வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அவள் எழுதியது ஏற்கப்படுவதற்கு முன், முகம் தெரியாத யாரோ வரி வரியாகப் படித்துக் குறை சொல்கிறார் அல்லவா? அந்தப் பயிற்சியை எந்தக் கல்லூரியும் கொடுக்காது. இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளில் அந்த அடி வாங்கியவர்களை நான் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அவளிடம் இரண்டு விஷயம் சொல். எந்த உரிமத்தின் கீழ் எழுதுகிறாள் என்று படித்துப் பார்க்கட்டும், பல பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை. அப்புறம், திட்டம் வளர்ந்து ஏதாவது கம்பெனி 'அவசரம், நாளைக்குள் சரி செய்து கொடுங்கள்' என்று எழுதினால், மணிக்கு எவ்வளவு என்று பதில் எழுதத் தெரிய வேண்டும். வெட்கமே படக் கூடாது. இதில் உன் பாங்க் அனுபவம் அவளுக்கு என்னைவிட உதவும். அவளுடைய பயோடேட்டாவை எனக்கு அனுப்பச் சொல், எங்கள் ஆபீசில் ஜனவரியில் ஆள் எடுப்பதாகப் பேச்சு. எடுத்தால் சொல்கிறேன், எடுக்காவிட்டாலும் சொல்கிறேன்.

நம் முரளி வேலையை விட்டுவிட்டான், தெரியுமோ? சேலம் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டுகிறான். அதற்கும் மாதச் சந்தா வைத்திருக்கிறான், ஆள் மாறவில்லை. எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் சொல், பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்